இரண்டாம் மாடிக்கு வராத அழைப்பு

மொரப்பூர் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். நோயாளி பட்டனை அழுத்தினால் நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். ஒவ்வொரு மாடித் திரையிலும் படுக்கை எண் தெரியும். இரண்டாம் மாடியில் மட்டும் தெரியவில்லை. என் லேப்டாப்பில் ஒழுங்காக வந்ததால், "நர்ஸ் ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் அந்த மாடி நர்ஸ் நூர்ஜஹான் சிஸ்டரை வார்டிலேயே வைத்துத் திட்டினார்.

மூன்று நாள் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து, கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றி அலுத்துப்போனேன். கடைசியில் பார்த்தால், செய்தி அந்தக் கணினி வரை சரியாகவே வந்துகொண்டிருந்தது. என் புரோகிராம்தான் வாங்கவில்லை. செய்தியை வாங்கும் சாக்கெட் என்ற பகுதியை, எல்லோருக்கும் பொதுவாக வருவதை விட்டுவிட்டு, கணினியின் சொந்த முகவரிக்கு வருவதை மட்டும் கேட்கும்படி எழுதியிருந்தேன். என் லேப்டாப்பிலும் மற்ற மாடிகளிலும் இருந்த விண்டோஸ் அப்படியும் பொதுச் செய்தியைக் கொடுத்துவிடும். இரண்டாம் மாடியில் மட்டும் இருந்த லினக்ஸ் கொடுக்காது. ஒரு வரியைத் திருத்தியதும் திரையில் எண் வந்தது.

சிஸ்டரிடம் போய், "தப்பு என்னுதுங்க" என்றேன்.

"மூணு நாளா கால் மணிக்கு ஒருக்கா ஒவ்வொரு பெட்டா போய்ப் பாத்துட்டு வரேனுங்க. காலே வீங்கிப்போச்சு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

இறங்கிப்போய்ச் சொன்னேன். "சரி விடுங்க, இப்ப வேலை செய்யுதில்ல" என்றார் மேனேஜர்.

சிஸ்டரைத் திட்டியதை வார்டே கேட்டது. தப்பு என்னுடையது என்றதை அவரைத் தவிர மேனேஜர் மட்டும்தான் கேட்டார். மேலே போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.