அக்காவின் முழம்

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். சொல்வதற்குச் சுலபம்தான். பூக்காரிக்கு அது மணிக்கட்டோடு முடிந்துவிடும். எட்டு முழ வேட்டி எங்கள் அய்யாவின் தொப்பையைச் சுற்றி வருவதற்குள் ஆறு முழமாகிவிடும். என் நாக்கு மட்டும் எப்போதும் ஒரு முழம் என்பாள் அம்மா. அதைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு மனசு வந்ததே இல்லை.

எங்களுக்கு உச்சிப்புளிப் பக்கம் கடற்கரை. அய்யாவிடம் இரண்டு வள்ளங்கள் இருந்ததால் வீட்டுக்கு அரிசி வாங்குகிற மாதிரி கயிறு வாங்குவோம். மீட்டர் வராத காலம். ராமநாதபுரத்துக் கயிற்றுக்கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பாதிக் கயிற்றைக் கடைக்காரர் தன் கையால் அளப்பார். மீதிப் பாதியை வாங்குகிறவர் தரப்பில் ஒருவர் அளந்துகொள்ளலாம். கடைக்காரர் இளைஞர், குள்ளம், கையோ அகப்பைக் காம்பு அளவுதான். அதனால் அய்யா எங்கள் பங்குக்கு அக்காவைக் கூட்டிப் போவார். வாயாட ஆள் வேண்டும் என்று நானும் போவேன்.

அக்கா நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். கைகளும் அதற்கேற்ற நீளம். அவள் பத்து முழம் அளந்தால் ஊருக்கு அது பன்னிரண்டு. அய்யா பூரித்துப் போவார். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் எழுந்து நின்றதுமே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். "சாண் ஏறுனா முழம் சறுக்குதே" என்று அம்மா அழுவாள். எனக்கும் அழுகைதான். அக்காவுக்கு முடிந்தால்தானே எனக்கு!

ஒருநாள் கடைக்காரர் தன் பாதியையும் அக்காவிடமே நீட்டினார். "முழுசையும் நீங்களே அளந்துக்கங்க" என்றவர் கயிற்றைப் பார்க்கவே இல்லை. ஒரு வியாபாரி இப்படிப் பேசினால், ஒன்று கடையை மூடப்போகிறார், இல்லை கல்யாணம் பண்ணப்போகிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. அடுத்த வாரம் அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு வந்து பெண் கேட்டார்.

அய்யா தலையைச் சொறிந்தார். "நல்ல பையன்தான். ஆனா இவளக் கட்டிக் குடுத்துட்டா நம்ம கயித்த யாரு அளக்குறது?"

அதிர்ந்து பேசாத அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அய்யா, வந்தவுகள்லாம் என்னைய ஏற இறங்கப் பாத்துட்டுப் போனாக. இவுக மட்டுந்தான் அண்ணாந்து பாத்துச் சிரிச்சாக. எனக்கு இந்தச் சம்பந்தம் புடிச்சிருக்கு." அய்யா வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

தாலி கட்டும்போது இருவரும் உட்கார்ந்திருந்ததால் பிரச்சினை இல்லை. மாலை மாற்றும்போதுதான் மாப்பிள்ளை எம்பி எம்பிப் போட்டதில் மாலை அக்காவின் ஒரு காதில் தொங்கியது. நான் சிரித்த சிரிப்புக்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அடுத்த மாதம் அய்யா மிதப்போடு கடைக்குப் புறப்பட்டார். "இனி ரெண்டு பாதியும் நம்ம கைதான்" என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். கயிறு கேட்டதும் உள்பக்கம் திரும்பி, "ஏங்க, அய்யாவுக்குக் கயிறு அளக்கணும், வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

அய்யா பதறினார். "ஏத்தா, நீயே அளந்து போடேன்."

"கடைக் கை அவுக கைதானேய்யா? உங்க பாதிக்குத்தான் தங்கச்சி இருக்காள்ல."

அய்யா என் குட்டைக் கையைப் பார்த்தார். என்னைப் பெற்றதற்கு அவர் அவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் நுழைந்ததும் அம்மா, "புள்ள எப்புடி இருக்கா?" என்று கேட்டாள்.

"நம்மளையே ஏய்ச்சுப்புட்டா" என்றார் அய்யா. சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே கவலையில்ல. பொழச்சுக்கிருவா."