கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்டார்கள்

இன்று காலை சங்கராபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்குக் கல்யாணம் பதிவானது.

(மாப்பிள்ளை புதியவர் இல்லை. முப்பத்து நாலு வருஷமாக அதே செல்வம்தான்.)

நான் ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எங்கள் ஒரே மகள் நித்யா நியூசிலாந்தில் நர்ஸ். "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டு சம்மதித்தோம்.

விசா பேப்பரை நாமே பார்த்துக்கலாம் என்றார் செல்வம். நாலு மாதம் பார்த்தார். வீடு முழுக்க ஜெராக்ஸ் ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் வக்கீல் கவிதாவிடம் போனோம். சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். வெளிநாடு போகிறவர்களுக்கு எல்லாப் பேப்பரும் தயார் செய்து தருகிறவர்.

எங்கள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் கீது டீச்சர். மேரேஜ் சர்டிபிகேட் எங்க?"

"அது இல்லியேம்மா."

"சரி, பதிவு பண்ணிக்கலாம். கல்யாணப் பத்திரிகை?"

"அடிக்கல."

"போட்டோ? கோயில் ரசீது?"

இரண்டும் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எங்களுடையது சாதி மாறிய கல்யாணம். வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி, கல்வராயன் மலையில் ஒரு சின்ன முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். கட்டி வைத்த பூசாரி இப்போது இல்லை. கூட வந்த நண்பரும் இல்லை.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் நான் செல்வத்தின் மனைவி. ஆனால் அன்றைக்கு அந்த மலையில் கல்யாணம் நடந்ததென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கவிதா பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"டீச்சர், அப்ப வூட்ல யாராவது போலீசுக்குப் போனாங்களா?"

"எங்க அண்ணன் போனாரு. தங்கச்சிய கடத்திட்டாங்கன்னு நைனார்பாளையத்துலேருந்து வந்து எழுதிக் குடுத்தாரு. ஸ்டேஷன்ல கூப்ட்டு கேட்டாங்க. நான் மேஜர், என் இஷ்டத்துலதான் கட்டிக்கினேன்னு எழுதிக் குடுத்தேன்."

"எந்தத் தேதி, எந்தக் கோயிலுன்னும் எழுதுனீங்களா?"

"எல்லாம் எழுதுனேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லபடியா நடந்த கல்யாணத்துல பேப்பர் இருக்காது டீச்சர். சண்ட நடந்ததுலதான் இருக்கும். ஸ்டேஷன்ல அவ்ளோ பழசு கிடைக்காது. புகார் குடுத்தவர் கைல நீங்க எழுதுனதோட நகல் குடுத்திருப்பாங்க. போயி கேளுங்க."

"அவர் கிட்ட போயி நிக்கறதா? விசாவே வேணாம்" என்றார் செல்வம்.

அதில் நியாயம் இருந்தது. அம்மா சாவுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசுவார். இவரிடம் இன்றுவரை பேசியதில்லை. விசேஷங்களில் பார்த்தால் "உங்கப்பாவ சாப்ட சொல்லு" என்று நித்யாவிடம்தான் சொல்வார்.

நான் தனியாகப் போகத் தயங்கியதால் கவிதாவே கூட வந்தார். (இது ஃபீஸில் சேர்த்தியில்லை.)

அண்ணன் களத்தில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். கவிதா விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று வீட்டுக்குள்ளே போனார். கோபமாகத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

நிலப் பத்திரங்கள் வைத்திருக்கும் பெட்டியோடு வந்தார். பட்டாவுக்கெல்லாம் அடியிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் போட்ட காகிதத்தை எடுத்தார். ஸ்டேஷன் முத்திரையோடு கார்பன் நகல். என் கையெழுத்து.

"இத இன்னும் வெச்சிருக்கியாண்ணா?"

"கிழிச்சிப் போட்டுடலாம்னுதான் அப்ப பாத்தேன். உன் எழுத்து வூட்ல இது ஒன்னுதான் இருந்துது. மனசு வரல."

நான் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கவிதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் பெட்டியை மூடிவிட்டுக் கவிதாவிடம் கேட்டார்.

"சாட்சி யாரும்மா?"

"யாராவது தெரிஞ்சவங்க மூணு பேரு வந்தா போதும் சார்."

"ரெண்டு பேர பாத்துக்கோங்க. ஒன்னு நான் வரேன்."

இன்று இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கையில் இரண்டு மாலை.

சார்பதிவாளர் காகிதத்தைப் படித்தார், பெயரைப் பார்த்தார், அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"புகார் குடுத்தவரும் சாட்சியும் ஒரே ஆளுங்களா?"

"ஆமாங்க. அப்ப தடுக்கப் போனேன். முடியல. அந்தக் கல்யாணத்துக்கு என்னைவிட பெரிய சாட்சி யாருங்க?"

ஆபீஸே சிரித்தது. செல்வம் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு மாலையை அவரிடம் நீட்டி, "புடி மாப்ள" என்றார்.

முப்பத்து நாலு வருஷத்தில் அவர் இவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வெளியே வந்து எல்லோரும் டீ குடித்தோம். அடுத்து எங்கெங்கே முத்திரை வாங்க வேண்டும் என்று கவிதா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எனக்கும் ஒரு பாஸ்போர்ட்டு எடுத்துத் தருவியா? இவங்க போயி செட்டில் ஆனதும் ஒரு தபா பாத்துட்டு வரணும்."

"தரேன் சார். பொறந்த தேதிக்கு இன்னா பேப்பர் வெச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் பெட்டில தேடுனா கிடைக்கும்."

கவிதா அந்த டீக்கடை பெஞ்சிலேயே ஒரு புது ஃபைலை எடுத்து, மேலே அண்ணன் பெயரை எழுதிவிட்டார்.

நியூசிலாந்தில் இருக்கும் நண்பர்களே, அங்கே குளிர் கம்மியாக இருப்பது எந்த மாதம்? அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு மார்கழிப் பனியே ஆகாது.