கடை யாருடையது என்று கேட்டார்கள்

எங்கள் வீட்டு முனிசிபாலிட்டி அன்றைக்குக் கல்லூரி மேடை ஏறியது. அண்ணன் மகளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் அது. தெருவில் ஒரு பாலிதீன் பை கிடந்தால் தாண்டிப் போகத் தெரியாது அவளுக்கு. குளிக்கிற வாளியில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், அதற்கு மேல் ஒரு சொட்டு பிடிக்க மாட்டாள். படிப்பது வணிக மேலாண்மை, கடைசி வருடம். படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், இதுதான் என் படிப்பே என்பாள். அவளோடு பேசி ஜெயித்தவர் யார்?

எங்களுடையது ட்ரை கிளீனிங் கடை. அண்ணன் மெஷினைப் பார்ப்பார், நான் கவுண்டரில் உட்கார்ந்து துணிக்கு டோக்கன் குத்துவேன். தண்ணீருக்குப் பதில் ரசாயன மருந்தில் துவைப்பதால், அடியில் கருப்பாகக் கசடு தங்கும். டிரம்மில் சேர்த்து வைப்போம், வேன்காரர் எடுத்துப் போவார். எங்கே போகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இவள் கேட்டாள். அவர் மழுப்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஊருக்கு வெளியே வாய்க்காலில் அவர் டிரம்மைக் கவிழ்ப்பதைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. அண்ணன் கத்தினார், அவள் அழுதாள், அழுதுகொண்டே பதிலுக்குப் பதில் பேசினாள். கடைசியில் ஒரு வழியாக உடன்பாடு வந்தது. கல்லூரியில் கொடுக்க வேண்டிய ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் கடை யாருடையது என்பது வெளியே வரக்கூடாது. அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்த ஆய்வை மேடையில் விளக்கிப் பேசும் நாளில் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். அண்ணியைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். தன்னிடம் இருக்கும் ஒரே கம்பளிக் கோட்டை அண்ணன் போட்டுக்கொண்டார். எதிரே இரண்டு பேராசிரியர்கள், நடுவில் ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர். கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவுக்கு ஆள் எடுக்க வந்திருந்தார். மகள் இந்த மருந்து நாற்றத்திலிருந்து தப்பித்து இப்படி ஒரு கம்பெனியில் உட்கார வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஒரே கனவு. அதற்காகத்தான் படிக்கவே வைத்தார்.

நன்றாகப் பேசினாள். மருந்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கும் மென்மையான சோப்புக்கும் ஒரு சின்னக் கடை எப்படி மாறலாம் என்று விளக்கினாள். மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. எந்தக் கடைக்காரர் தன் கழிவு டிரம் பக்கம் ஒரு மாணவியை விடுவார் என்று கேட்டார். கடை யாருடையது என்று சொன்னால் சரி, இல்லாவிட்டால் எல்லாம் கற்பனை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்ல முடியாது சார். வாக்கு கொடுத்திருக்கேன்."

மார்க் போய்விடும் என்று பேராசிரியை ஒருவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். போகட்டும் மேடம் என்றாள். சொல்லித் தொலையேன்டி என்று என் மனசு அடித்துக்கொண்டது, அடுத்த நொடியே சொல்லிவிடாதேடி என்றது. முன் வரிசையில் எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், நான் டோக்கன் குத்திய கோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் பேனாவை மூடினார்.

அண்ணன் எழுந்தார்.

"கடை என்னோடது. வேனைக் கூப்பிட்டதும் நான்தான். அவ என் பொண்ணு, அவளுக்குப் பொய் சொல்ல வராது."

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேலாளர் அண்ணனை மரியாதையாக உட்காரச் சொன்னார். பிறகு அவளிடம், படிப்பு முடிந்ததும் எங்கள் கம்பெனிக்கு வருகிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்.

"வர ஆசைதான் சார். ஆனா இப்ப இல்ல. முதல்ல எங்க கடையை மாத்தணும்."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. எந்த வேலைக்காக ஊரறிய மானத்தை விட்டாரோ, அதையே இவள் வேண்டாம் என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். பஸ்ஸில் அவர் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை வாசலில் அதே வேன் நின்றது, அவரை நாங்கள் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. நிரம்பிய டிரம்மை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் வேன்காரர். அண்ணன் டிரம்மைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"எறக்கு," என்றார் அண்ணன். "இனிமே வராத."

வேறு யார் எடுப்பார்கள் என்று பார்க்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வேன்காரர் போனார். அண்ணன் உள்ளே போய் மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தார். அந்த இரைச்சல் இல்லாமல் கடை எனக்கு யாரோ வீடு மாதிரி இருந்தது. மூலையில் ஒரு வாரத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"கம்பெனி வேண்டாம்னுட்ட. சரி. இதையெல்லாம் எதுல துவைக்கப் போற?"

அவள் ஒரு மூட்டையைப் பிரித்துத் துணிகளைப் புரட்டினாள். "எது தண்ணி தாங்கும், எது தாங்காதுன்னு முதல்ல பார்க்கணும்ப்பா. கம்பளிதான் பயமா இருக்கு, சுருங்கிடும்."

அண்ணன் தன் கோட்டைக் கழற்றினார். பைகளைத் துழாவிச் சில்லறையை எடுத்துக்கொண்டு, கோட்டை அவள் கையில் கொடுத்தார்.

"இதுல ஆரம்பி. கெட்டாலும் என்னோடதுதானே."

நான் அந்தக் கோட்டுக்கு ஒரு டோக்கன் குத்தினேன்.