ஏவால்ட் க்ரோகரின் தலைமாட்டுக் கயிறு

ஏவால்ட் க்ரோகர் செத்ததால் எங்கள் ஊருக்குப் பெரிய நஷ்டம் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். வருஷா வருஷம் முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டுப் பீப்பாயில் அமுக்கிப் புளிக்க வைப்பார். நாற்றம் தேவாலயம் வரைக்கும் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். ஊருக்கு அவரால் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

ஜெர்மன் சிப்பாயாக யுத்தத்தில் பிடிபட்டு, முதுகில் வட்டத் துணி தைத்த கைதிச் சட்டையோடு லாரியில் வந்து இறங்கியவர். என் தாத்தாவின் பண்ணையில் டர்னிப் கிழங்கு பிடுங்க விட்டார்கள். யுத்தம் முடிந்ததும் மற்ற கைதிகள் ரயிலேறிப் போனார்கள், இவர் போகவில்லை. இவருடைய ஊர் போலந்துக்குள் போய்விட்டதாம். போகட்டுமே! ஸ்காட்லாந்து மழையையும் எங்கள் ஓட்ஸ் கஞ்சியையும் பார்த்த பிறகும் ஒருவன் இங்கேயே தங்குகிறான் என்றால் அவன் புத்தியை என்னவென்று சொல்வது? போதாததற்கு தபாலாபீஸ் நெட்டாவைக் கல்யாணம் வேறு செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. சாகும்வரை அதே பண்ணையில் ஆடு மேய்த்தார். ஜெர்மன் மொழியில் கூப்பிட்டால் எங்கள் ஆடு எப்படி வரும்? வராது. அவர்தான் அதன் பின்னால் ஓடுவார்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறுகள். எந்தக் கயிறு யாருக்கு என்று வீட்டார் முன்பே நம்பர் எழுதிய சீட்டுக் கொடுப்பார்கள். ஒன்றாம் நம்பர் தலைமாடு, மூத்த மகனுக்கு. மற்றவை உறவுக்கும் நட்புக்கும். சீட்டு வராதவன் வேலியோரம் நிற்க வேண்டியதுதான்.

ஏவால்டுக்கு ஒரு தடவைகூடச் சீட்டு வந்ததில்லை. ஆனாலும் ஒரு சாவு விடமாட்டார். வேலியோரம் நின்று வலது கையுறையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். சீட்டு வாங்கியவன் எவனாவது வராமல் போனால் கை தயாராக இருக்க வேண்டுமாம். எவனும் வராமல் போனதில்லை. குளிரில் அந்தக் கை பீட்ரூட் மாதிரி சிவந்து கிடக்கும். ஒரு தடவை நாங்கள் பையன்கள் நாலு பேர் அவர் பின்னால் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கையுறையைக் கழற்றினோம். திரும்பிப் பார்த்தவர், நாங்கள் மரியாதை செய்கிறோம் என்று நினைத்துத் தலையசைத்தார். கேலி செய்தால் கேலி என்று தெரிய வேண்டாமா? அந்த ஆளை வைத்து விளையாடக்கூட முடியாது.

தாத்தா செத்தபோது நிச்சயம் சீட்டு வரும் என்று கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். என் மாமா டூகல்ட் கடைசிக் கயிற்றை, பக்கத்து பெர்த் நகரத்திலிருந்து வந்த மாட்டுத்தீவன வியாபாரிக்குக் கொடுத்தார். யுத்தம் நடந்த காலமெல்லாம் பண்ணையைவிட்டு நகராதவர் மாமா. துப்பாக்கிச் சத்தத்தை முயல் வேட்டையில் கேட்டதோடு சரி. ஆனால் ஜெர்மன்காரர்கள்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு, சண்டைக்குப் போய்க் காலை இழந்து வந்தவர்களுக்குக்கூட இல்லை.

போன ஜனவரியில் ஏவால்ட் செத்தார். மறுநாள் நெட்டா எங்கள் சமையலறைக்கு வந்து, மாமாவின் தட்டுப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

“ஒண்ணாம் நம்பரா?” மாமா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “மகன் பிடிக்கிற கயிறுடி இது!”

“மகன் எங்கே இருக்கான்? நீதானே இத்தனை வருஷமா அவரை ‘டேய் பையா’ன்னு கூப்பிட்ட. உன்னைவிட மூணு வயசு மூத்தவரு. யாரு அப்பன், யாரு மகன்னு குழிகிட்ட நின்னு யோசிச்சுக்க.”

“மத்த ஏழு பேரு?”

“எல்லாம் உன்கூட உக்காந்து குடிக்கிற பசங்கதான். டூகல்ட் வந்தா வர்றோம்ங்கிறானுங்க. நீ வரலேன்னா குழிவெட்டுறவன் தள்ளிவிட்டுட்டுப் போவான். ஆட்டைப் புதைக்கிற மாதிரி.”

“ஜெர்மன்காரனை நான் தூக்கணுமா?”

“தூக்க வேண்டாம். இறக்கு. அதுவாச்சும் உன்னால முடியுமில்ல?”

மாமா சீட்டைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கைத் தின்றார். அதில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அடக்கத்தன்று பனியும் மழையும் கலந்து அடித்தது. மாமா வந்தார், வந்து, நேராகப் போய் வேலியோரம் நின்றார். அவருடைய குடிகாரக் கூட்டமும் கோழிகள் மாதிரி அவர் பின்னால் ஒதுங்கியது. குழியருகே நெட்டா தனியாக, குடைகூட இல்லாமல் நின்றாள்.

“ஒன்று,” என்று கூப்பிட்டார் சவப்பெட்டி செய்பவர்.

யாரும் அசையவில்லை.

“ஒன்று!”

நான் மாமாவைப் பார்த்தேன். இடது கையில் கையுறை இருந்தது. வலது கை வெறுங்கை, பீட்ரூட் நிறம். எப்போது கழற்றினார் என்று தெரியாது. அந்தக் கையை அவரே ஒரு தடவை பார்த்துக்கொண்டார், யாரோ வேறொருவருடைய கை மாதிரி. பிறகு குழியை நோக்கி நடந்தார். கோழிகளும் நடந்தன.

கையுறை வழியில் எங்கோ விழுந்துவிட்டது என்று மாமா இன்றைக்கும் சாதிக்கிறார். அது அவர் கோட்டுப் பையில் இருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. போகட்டும்.

புளித்த முட்டைக்கோஸ் தின்று வளர்த்த உடம்பு, கனம் கொஞ்சநஞ்சமில்லை. கயிறு ஈரத்தில் வழுக்க, கால்மாட்டுப் பக்கம் பெட்டி சடாரென்று சரிந்தது.

“மெதுவா விடுங்கடா!” என்று கத்தினார் மாமா. “மெதுவா!”

ஏவால்டின் முதுகில் தீவன மூட்டை ஏற்றிய இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் வாயில் வராத வார்த்தை.