ஏவிஸை நாறடித்தவன்

ஏவிஸ் தோர்லியும் நானும் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் ஒரே மீன் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் கத்தி பிடித்தவர்கள். ஏவிஸ் நெட்டையான பெண், அதிகம் பேசமாட்டாள். காட் மீனின் முள்ளை ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். பட்ட அவமானத்தை மட்டும் அவள் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்கும் கிளைவ் ஆக்டனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மீன் ஏலம் கூவுகிறவரின் மகன் அவன். அழகன், வாய்க்காரன். ஒரு நவம்பர் மாதம் அவளைத் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துப்போனான். இரண்டு முறை தலை முழுகி, கையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டுதான் போனாள். அவள் உட்கார்ந்ததுமே கிளைவின் தாய் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெளியே ஆலங்கட்டி மழை.

அடுத்த வாரம் கிளைவ் சொன்னான்: "அம்மாவுக்கு ஒத்து வரல ஏவிஸ். நான் என்ன பண்ணட்டும்?"

மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் விடவில்லை.

தொழிலாளர் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டு, வேடிக்கைப் பேச்சு எல்லாம் நடக்கும். கிளைவ் மேடை ஏறினான். "எனக்கு ஒரு காதலி இருந்தா, பேரு ஏவிஸ்" என்று ஆரம்பித்தான். கெட்ட வாடைக்கு எங்கள் ஆங்கிலத்தில் எத்தனை சொல் உண்டோ அத்தனையையும் அவள்மேல் கொட்டினான்.

"தெருமுனையில அவ வர்றப்போ வெறும் விஃப். காத்துல வந்துட்டுப் போயிரும், நாய்க்கு மட்டும்தான் தெரியும். வாசலுக்கு வந்துட்டா நிஃப், பூனையெல்லாம் பின்னாலேயே வரும். உள்ள நுழைஞ்சா பாங், எங்கம்மா ஜன்னலத் தொறந்துட்டாங்க. கோட்டைக் கழட்டுனா பாருங்க, அது ரீக்! சுவத்துல ஒட்டுன காகிதமே உரிஞ்சு வந்துருச்சு!"

இப்படியே ஏறிக்கொண்டு போகும். ஊசிப்போன வெண்ணெய்க்கு உள்ள 'ரேன்சிட்' அவள் கூந்தலுக்கு, பூட்டிக் கிடந்த அலமாரிக்கு உள்ள சொல் அவள் முத்தத்துக்கு, அழுகின பிணத்துக்கு உள்ள 'ஸ்டென்ச்' அவள் காலுறைக்கு. கடைசியில் 'ஹம்' என்பான். அந்தச் சொல்லுக்கு முனகிப் பாடுவது என்றும் பொருள், நாற்றம் என்றும் பொருள். அதனால் அவன் எதுவுமே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று ராகம் இழுப்பான். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரிக்கும். நானும் முதல் தடவை சிரித்தேன்.

ஊர் முழுக்க அது பரவியது. ஏவிஸ் பேருந்தில் ஏறினால் பின் இருக்கையில் யாராவது முனகுவார்கள். ரொட்டிக் கடை வரிசையில் முனகுவார்கள். தேவாலயத்தில் பாட்டு தொடங்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு முனகல். மாதக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில். ஐஸ் ஆலையில் வேலை செய்த வில்ஃப் அவளைச் சினிமாவுக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்தான். அவனும் வருவதை நிறுத்திவிட்டான். கூட்டாளிகள் கேலி தாங்க முடியவில்லையாம்.

"ஊரை விட்டுப் போயிடேன்டி, ஹல்லுல உங்க அக்கா இருக்காள்ல?" என்றேன்.

"நான் எதுக்குப் போகணும்? போகவேண்டியவன் போவான்" என்றாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு ஜனவரியில் செய்தி வந்தது. மாதக் கடைசியில் கிளைவின் மேடைப் பேச்சைப் பார்க்க லீட்ஸிலிருந்து தொலைக்காட்சி ஆட்கள் வருகிறார்கள். புதிதாகக் கருநீல வெல்வெட் கோட் தைத்து, சுருக்கம் விழாமலிருக்க முதல் நாளே கிளப்பின் பின்னறையில் மாட்டி வைத்திருந்தான். கிளப்புக்குப் பின்வாசல் வழியாக மீன் கொண்டுபோய்க் கொடுப்பது ஏவிஸ்தான்.

எங்கள் கொட்டகையின் கொதிகலன் அறை மூலையில், செய்தி வந்த நாளிலிருந்தே ஒரு ஜாடியில் காட் ஈரலைப் போட்டு அழுக வைத்திருந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். இருபது வருஷம் மீனில் கிடந்தவள் நான், எனக்கே குமட்டியது. அதை உருக்கிய மாட்டுக் கொழுப்பில் குழைத்து, பஞ்சில் தோய்த்து, கோட்டின் தோள் திண்டுக்குள்ளும் காலருக்குள்ளும் வைத்துத் தைத்துவிட்டாள். குளிரில் கொழுப்பு மெழுகுபோல உறைந்துபோனது. மூக்கை ஒட்டி வைத்தாலும் வாடை தெரியவில்லை.

"மேடை விளக்குக்குக் கீழ நிக்கட்டும்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கிளப் நிரம்பி வழிந்தது. லீட்ஸ் ஆட்கள் முன்வரிசையில். ஏவிஸ் நீல உடுப்பில், லாவெண்டர் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். கிளைவ் ஆரம்பித்தான். 'விஃப்'புக்குச் சிரித்தார்கள். 'நிஃப்' சொல்லும்போது முன்வரிசையில் ஒருவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். 'பாங்' வந்தபோது கிளைவின் கழுத்தில் எண்ணெய் வழிந்தது. 'ரீக்' என்று கையை விரித்தான். அந்த அசைவில் கிளம்பிய வாடை எங்கள் வரிசைவரை வந்து முகத்தில் அறைந்தது.

அவன் கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். "என்னப்பா இது? யாரோ ஏவிஸைக் கூட்டிட்டு வந்துட்டாங்க போலிருக்கே!"

பெரிய சிரிப்பு. எல்லாத் தலையும் திரும்பியது. ஏவிஸ் எழுந்து நின்றாள்.

"ஆமா கிளைவ், இங்கதான் இருக்கேன். யாரு வேணா வந்து மோந்து பாருங்க."

முன்வரிசையிலிருந்த கசாப்புக்கடைக்காரர் மனைவி டாரிஸ் எழுந்துவந்து அவள் கழுத்தருகே முகர்ந்தாள். மேடைப் பக்கம் திரும்பி ஒரு மூச்சு இழுத்து, "அடச்சீ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ சோப்பு வாசம்தான் அடிக்கிறா. நாறுறது அவன்தான்!"

யாரோ 'ரேன்சிட்' என்று கத்தினார்கள். இன்னொருவன் 'ஸ்டென்ச்' என்றான். அவன் கற்றுக்கொடுத்த சொற்களையே ஒவ்வொன்றாக மேடைமேல் எறிந்தார்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து "ம்ம்ம்..." கிளம்பியது. அரங்கமே சேர்ந்துகொண்டது. கிளைவ் கோட்டைப் பிய்த்து எறிந்தான், சட்டையிலும் ஊறியிருந்தது. லீட்ஸ் ஆட்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வெளியேறினார்கள்.

வெளிவாசலில் அவளை மறித்தான். கண் கலங்கியிருந்தது. "என் பொழப்பையே கெடுத்துட்டியேடி."

"அந்தப் பொழப்பு என்னுதுடா. என்னை வச்சுத்தான தின்னே" என்றாள் ஏவிஸ். "போ, வீட்டுக்குப் போ. உங்கம்மா ஜன்னலத் தொறந்து வைப்பாங்க."

அதற்குப் பிறகு அவனால் எந்த மேடையிலும் நிற்க முடியவில்லை. ஏறினால் முனகினார்கள். வசந்தம் வருவதற்குள் ஸ்கார்பரோவுக்குப் போய்க் கம்பளக் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்துவிட்டான். வில்ஃப் திரும்பி வந்து கதவைத் தட்டினான். அவனைப் படியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டாள்.

"போதுமாடி? மனசு ஆறிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவன் என்னை வருஷக்கணக்கா நாறடிச்சான். நான் ஒரு மத்தியானம்தான நாறடிச்சேன்."

அந்தக் கோடையில் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்கார்பரோவுக்கு ரயில் ஏறினாள். நேராகக் கம்பளக் கடைக்குள் போனாள். அவளைக் கண்டதும் கிளைவ் வெளுத்துப்போனான். முதலாளி பக்கத்திலேயே நின்றதால் அவனால் வாய் திறக்க முடியவில்லை.

"அந்தச் சிவப்பைக் காட்டுங்க" என்றாள். சுருளைத் தோளில் தூக்கி வந்து விரித்தான். "பச்சை?" விரித்தான். "மேல இருக்கே, அது?" ஏணி வைத்து ஏறினான். தரை முழுக்கக் கம்பளம் கிடக்க, அவன் முட்டிபோட்டு ஓரம் நீவிக்கொண்டிருந்தான். நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் பிடிக்கல" என்று வெளியே வந்துவிட்டாள்.

கடற்கரையில் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டோம். அடுத்த கோடையிலும் வரலாம் என்றாள். போனோம்.