கிழக்கே சூலம், உறியில் தயிர்

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கிழமையில் எந்தத் திசையில் சூலம் நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சூலம் நிற்கிற திசையில் அன்றைக்குப் பயணம் போகக்கூடாது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். நாங்கள் இருக்கும் செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனம். திண்டிவனத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரி. என் கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் தயிர்.

யுத்த காலம் அது. எனக்கு எட்டாம் மாதம், தலைச்சன் பிள்ளை. காலையில் கூழ் குடிக்க உட்கார்ந்தால் போதும், வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழும். கூழ்ச் சட்டியே ஒருநாள் மடியில் ஆடியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உதை இளைத்துப் போய், நகத்தால் சுரண்டுகிற அளவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் இரண்டு சொம்பு கூழ் குடித்தேன். ஒன்றுமில்லை. இடது பக்கம் படுத்தேன், வலது பக்கம் படுத்தேன், வளையலைக் குலுக்கினேன். வயிறு கம்மென்று கிடந்தது.

"அத்தை, புள்ள அசையலை" என்றேன்.

"தூங்குதுடி. தாயி மாதிரிதானே புள்ளையும் இருக்கும்" என்றார் மாமியார்.

மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்பினோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். வாங்கப்போகிற பூசணிக்காயைக்கூட இன்னும் கொஞ்சம் அக்கறையாகத் தட்டுவார்கள். "உள்ளாற எடம் பத்தல, எங்க அசையும்? பெரிய புள்ள" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வெற்றிலை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, அசையாத பிள்ளை ஆண்பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னாள். அவள் புருஷனைப் பார்த்தவர்கள் அதை நம்பத்தான் செய்வார்கள்.

என் கணவர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அரைப்படி குறைகிறது என்று கண்டுபிடிப்பார். என்னிடம், "நேத்து ஒதைச்சுதுன்னு சொன்னியே, அப்புறம் இன்னா?" என்றார். நான் அழுததும் பயந்துபோய், திண்டிவனம் போகலாம் என்று வாய் திறந்தார்.

"இன்னிக்கித் திங்கக்கெழம. கெழக்கால சூலம். நாளைக்குப் போவலாம்" என்றார் மாமியார்.

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. கிழக்கே போகிறவர்கள் ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை. எங்கள் வீட்டு உறியிலேயே ஒரு சட்டி தயிர் தொங்கியது. அதைத் தாருங்கள் என்று கேட்டேன்.

"மாசமா இருக்கறவ தயிரு துன்னா, வயித்துல இருக்கற புள்ளைக்குச் சளி கட்டிக்கும். உனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

ஆக, தயிர் சாப்பிடாமல் கிழக்கே போகக்கூடாது, பிள்ளையைச் சுமந்துகொண்டு தயிர் சாப்பிடக்கூடாது. இந்த ஊர்க் கோட்டைக்குள்கூடப் படைகள் வழி கண்டுபிடித்து நுழைந்திருக்கின்றன. இந்த நியாயத்திலிருந்து வெளியே வர எனக்குத்தான் வழி தெரியவில்லை. பத்தொன்பது வயது, மாமியார் சொல்லைத் தாண்டிப் பழக்கமில்லை. அன்று மத்தியானம் அந்தத் தயிரைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, என் கணவர் மண்டிக்குப் போனார். மண்டி மேற்கே இருந்தது.

செவ்வாய்க்கிழமை போனோம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்து, அதில் காது வைத்துக் கேட்டாள். இடம் மாற்றிக் கேட்டாள். மறுபடியும் மாற்றினாள். பிறகு குழலைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். அவள் துடைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பலேருந்தும்மா அசையலை?"

"நேத்துக் காலையிலேருந்து."

"நேத்தே ஏம்மா வரலை?"

தயிர் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாள். நேற்று வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றாள். இன்றுவரை அந்தப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. பிறந்தது பெண் குழந்தை. முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பெற்ற நைனாவின் மூக்கு.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் உண்டானேன். ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் காலை, கூழ் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். உதை வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. என் பிள்ளைகளுக்கு வேறு கிழமையே கிடைக்காது போலிருக்கிறது.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. உறியை இறக்கினேன். சட்டியோடு தயிரை எடுத்து, மாமியார் எதிரிலேயே நின்று, மூச்சுவிடாமல் குடித்தேன்.

"அய்யய்யோ, புள்ளைக்குச் சளிடீ!"

"புடிக்கட்டும் அத்தை. சளி புடிக்கவும் உசுரு வேணும் இல்ல?"

வாயைக்கூடத் துடைக்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன். யாரோ போய்ச் சொல்லி, என் கணவர் தலையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு ஓடி வந்து ஏறினார். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஒவ்வொரு மேட்டிலும் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். என் கணவரும் தள்ளினார். இன்னும் பலமாகத் தள்ளு என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே நர்ஸ், அதே மரக்குழல். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்குதும்மா. ஆனா ரொம்ப மெல்லக் கேக்குது. நல்லவேளை வந்தே" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். அன்று சாயங்காலம் பையன் பிறந்தான். தோல் சுருங்கி, கோழிக்குஞ்சு கனத்தில் இருந்தான். அழுகை மட்டும் வாசல்வரை கேட்டதாம்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அன்றைக்குச் சூலம் மேற்கே, அவருக்குத் தடையில்லை. பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மூக்கைத் தடவினார். என் நைனாவின் மூக்கு, இவனுக்கும். அவன் முகத்தைச் சுளித்து இரண்டு தும்மல் போட்டான்.

"பாத்தியாடி! நான் சொல்லல? தயிரு!"

என் கணவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது.

"ஆமாம் அத்தை. மூத்தவளுக்குச் சளியே புடிக்கலை" என்றேன்.

மாமியார் முந்தானையை எடுத்து, அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.