திருத்தணி கேசட் கடையில் இங்கிலாந்துச் சண்டை

திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே கேசட் கடை. திருப்பதி பஸ் வர நேரமிருக்கிறது. விடுதிக்கு எடுத்துப்போகும் என் கேசட்டில் ஒரு பக்கம் காலி; இங்கிலாந்து கீபோர்டு பேண்ட் ஒன்றின் பாட்டுகளைப் பதியலாம். நான் கேட்பது இருவர் மட்டுமே உள்ள பேண்டை. கடைக்கார அண்ணன் சிபாரிசு செய்வது நால்வர் பேண்டை.

"ரெண்டே பேரு நின்னுகினு பொத்தான அமுக்கறாங்க. அதெல்லாம் ஒரு பேண்டாம்மா?"

"உங்க நாலு பேரும் அதே பொத்தானைத்தானேண்ணா அமுக்கறாங்க? எங்க ஆள் என்ன பாடறான்னு கேளுங்க."

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். அந்த ஆங்கிலப் பாட்டு காதலியை ஏமாற்றியவனின் புலம்பல்; அதை வரிவரியாகத் தமிழில் சொல்கிறேன்.

"அர்த்தம் பரீட்சைக்கும்மா. சர்ச்சுல ஆர்மோனியம் வாசிக்கறவன் நான், எனக்கு மெட்டு வேணும்" என்று நால்வரையே ஓடவிடுகிறார். உடனே கரண்ட் போகிறது.

"பாத்தியா, கரண்ட் இல்லன்னா உன் ஆளுங்க ஊமை."

"உங்க ஆளுங்க மண்ணெண்ணெயிலயா ஓடறாங்க?"

சொல்லிவிட்டு என் பாட்டை வாய்விட்டுப் பாடுகிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் நிறுத்தவில்லை. அண்ணன் மேசைக்கடியிலிருந்து ஆர்மோனியத்தை எடுக்கிறார். இரண்டாவது வரியிலேயே மெட்டைப் பிடித்துவிடுகிறார்.

அடுத்து அவருடைய நால்வரின் பாட்டை வாசிக்கச் சொல்கிறேன். மெட்டு சிக்காமல் மேசையில் தாளம் மட்டும் போடுகிறார். இருவரும் சிரிக்கிறோம்.

கரண்ட் வந்ததும் நால்வரின் கேசட்டை வெளியே எடுத்து, என் இருவரைப் பதியத் தொடங்குகிறார்.

"ஞாயித்துக்கிழமை காணிக்கை எடுக்கறப்ப இந்த மெட்டத்தான் வாசிக்கப் போறேன்" என்கிறார். "அர்த்தத்த மட்டும் இந்த ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."